கருத்துக்கேட்பு இல்லாத திட்டத்தில் நம் கருத்தை எங்கே போய்ச் சொல்வது?

கேள்வி: அண்ணா வணக்கம். எங்கள் ஊர் மேச்சேரிக்குப் பக்கம். ஊருக்கு மேற்கே மேட்டுக்காட்டில் தொண்ணூறு ஏக்கரை ஒரு கம்பெனி 20 மெகாவாட் சோலாருக்குக் குத்தகைக்குக் கேட்கிறது. பாதிப் பேர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். நடுவில் ஒரு ஓடையும், நாங்கள் கரட்டுக்கு ஆடு ஓட்டிப் போகும் வண்டித்தடமும் இருக்கிறது. வேலி போட்டால் எப்படிப் போவது என்று கேட்டால், "கவர்மெண்ட் அப்ரூவல் எல்லாம் வந்துவிட்டது, சோலாருக்குக் கருத்துக்கேட்புக் கூட்டமெல்லாம் கிடையாது" என்கிறார் ஏஜெண்ட். மாமனாரின் மூன்று ஏக்கரையும் கேட்கிறார்கள். தராவிட்டாலும் டவர் லைன் அதன் மேல்தான் போகுமாம். இதை நிறுத்த முடியுமா? கையெழுத்துப் போடலாமா?

பதில்: வணக்கம் தங்கச்சி. ஏஜெண்ட் சொன்னதில் பாதி நிஜம். கருத்துக்கேட்பு கிடையாது என்பது நிஜம், அப்ரூவல் எல்லாம் வந்துவிட்டது என்பது அனேகமாகப் புளுகு. ஏனென்றால் "எல்லாம்" என்று ஒரே கையெழுத்தில் வருகிற அப்ரூவல் சோலாருக்குக் கிடையவே கிடையாது. ஏழெட்டு ஆபீஸில் ஏழெட்டுத் துண்டாக வருவது அது. பல வருஷம் கம்பெனிகளுக்காக இந்தத் துண்டுகளைச் சேர்த்துக்கொடுக்கிற வேலை பார்த்தவன் நான், எந்தத் துண்டு எப்போது வரும், எது வராமலே வேலி போட்டுவிடுவார்கள் என்பது ஓரளவு தெரியும். அதனால் அடுத்த தடவை அவர் வரும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எந்த ஆபீஸ், என்ன தேதி, என்ன நம்பர்? நகல் ஒன்று கொடுங்கள் என்று சொல்லுங்கள். டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்.

சரி, கருத்துக்கேட்பு ஏன் இல்லை? நம் மாவட்டத்தில் குவாரிக்கும் சுரங்கத்துக்கும் கூட்டம் போட்டுப் பார்த்திருப்பீர்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் முப்பது நாள் முன்னால் பேப்பரில் அறிவிப்புக் கொடுத்து, கலெக்டரோ அவருக்கு அடுத்த அதிகாரியோ தலைமையில் உட்கார, யார் என்ன பேசினார்கள் என்பதை வீடியோ எடுத்து அனுப்பும் கூட்டம் அது. அதெல்லாம் 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் பட்டியலில் இருக்கிற தொழில்களுக்கு மட்டும்தான். சோலார் அந்தப் பட்டியலிலேயே இல்லை. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2011-லும், மறுபடி 2017 ஜூலையிலும், சோலார் பார்க்குக்கும் சேர்த்தே அது தேவையில்லை என்று தெளிவாக எழுதிக்கொடுத்துவிட்டது. 2016-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சோலாரை வெள்ளை வகையில் வைத்தது, அதாவது வாரியத்திடம் இசைவு வாங்க வேண்டாம், தகவல் சொன்னால் போதும். மின்சாரச் சட்டம் 2003-ன் 7-வது பிரிவுப்படி மின்சாரம் உற்பத்தி செய்ய லைசென்ஸும் வேண்டாம். புகை இல்லை, சாம்பல் இல்லை, மேட்டூர் அனல்மின் நிலையத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் புகை இல்லாததற்காகக் கொடுத்த சலுகையில் நிலம், தடம், ஓடை எல்லாம் கேள்வி இல்லாமல் கூடவே போய்விட்டது. என் பார்வையில் தவறு நடந்த இடம் அதுதான். 90 ஏக்கர் வேலிக்கு ஊரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கச் சட்டத்தில் இடம் வைத்திருக்கலாம். வைக்கவில்லை.

மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தில் பேசலாமே என்று யாராவது சொல்வார்கள். அங்கே பொதுமக்கள் கருத்துக்கு இடம் உண்டு, அதே மின்சாரச் சட்டத்தின் 64-வது பிரிவுப்படி கட்டண மனு வந்தால் பத்திரிகையில் போட்டு, வருகிற ஆட்சேபங்களைப் பார்த்து 120 நாளுக்குள் உத்தரவு போட வேண்டும். 2022 ஆகஸ்டில் கட்டண உயர்வுக்கு கோவையிலும் மதுரையிலும் சென்னையிலும் கூட்டம் நடந்தது, நம்மூர்க்காரர்கள் கோவைக்குப் பஸ் ஏறினார்கள். ஆனால் அங்கே பேசுவது யூனிட் என்ன விலை, வீலிங் கட்டணம் (மின்சாரத்தை வாரியத்தின் கம்பி வழியாகக் கொண்டுபோகக் கொடுப்பது) எவ்வளவு என்பதைத்தான். பேனல் எந்தக் காட்டில் நிற்கிறது என்பது அவர்கள் முன்னால் வருவதே இல்லை. அதுவும் உங்கள் ஊரில் வருவது அனேகமாக மில்லுகளோ கம்பெனிகளோ சேர்ந்து சொந்த உபயோகத்துக்குப் போடும் திட்டமாகத்தான் இருக்கும் (26 சதவீதப் பங்கு வைத்து, 51 சதவீத மின்சாரத்தை அவர்களே எடுத்துக்கொள்வது), அதற்குக் கட்டண விசாரணையும் கிடையாது.

ஆக உங்களை யாரும் கூப்பிட்டுக் கேட்கப் போவதில்லை. நீங்களாகத்தான் போய்ச் சொல்ல வேண்டும், சொல்லுகிற இடம் நிலப் பதிவேடு.

முதல் வேலை, கம்பெனி கேட்கிற சர்வே நம்பர்களை எல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். கையெழுத்துப் போட்டவர்களிடமே கேட்டால் சொல்லிவிடுவார்கள். அப்புறம் ஒவ்வொன்றுக்கும் எஃப்.எம்.பி. ஸ்கெட்ச்சும் (நிலத்தின் எல்லையைக் காட்டும் அளவைப் படம்), 'ஏ' பதிவேட்டு நகலும் (அந்த நம்பர் என்ன வகை நிலம், யார் பெயரில் என்று சொல்லும் வருவாய்க் கணக்கு) எடுங்கள், இரண்டும் வருவாய்த் துறையின் இணையச் சேவையிலேயே கிடைக்கும், ஊர் முழுசுக்குமான வரைபடம் வேண்டுமென்றால் தாலுகா ஆபீஸில் கேளுங்கள். அதில் பார்க்க வேண்டியது என்ன? ஓடைக்குத் தனி சர்வே நம்பர் போட்டு "ஓடைப் புறம்போக்கு" என்று இருக்கிறதா, வண்டித்தடம் "வண்டிப்பாதை" என்று பதிவாகியிருக்கிறதா, கரட்டடியில் மேய்ச்சல் புறம்போக்கு ஏதாவது உள்ளே மாட்டுகிறதா, பஞ்சமி நிலமோ (தலித் மக்களுக்கென்று அரசு ஒதுக்கியது), நிபந்தனையோடு அரசு ஒப்படை செய்த நிலமோ, கோயில் நிலமோ நடுவில் இருக்கிறதா. பதிவாகியிருந்தால் உங்கள் கை ஓங்கியது. ஓடையைப் பட்டா நிலத்தோடு சேர்த்து யாரும் குத்தகைக்குக் கொடுக்க முடியாது. மேய்ச்சல் புறம்போக்கு, களம், சுடுகாடு, வண்டிப்பேட்டை, தோப்பு இதெல்லாம் 1994 ஊராட்சிகள் சட்டப்படி ஊராட்சியின் பொறுப்பில் இருப்பது, இந்த மாதிரி ஊர்ப் பொது நிலத்தைத் தனியாருக்கு விடக்கூடாது என்று 2011-ல் உச்ச நீதிமன்றம் பஞ்சாப் வழக்கு ஒன்றில் எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்தே உத்தரவு போட்டிருக்கிறது.

பதிவாகாமல் இருந்தால்? இங்கேதான் என் தப்பு ஒன்றைச் சொல்ல வேண்டும். சில வருஷம் முன்னால் ஆத்தூர்ப் பக்கம் ஒரு திட்டத்துக்கு நான்தான் தள ஆய்வு அறிக்கை எழுதினேன். பார்க்கப் போனது சித்திரை மாசம். எஃப்.எம்.பி.யில் ஓடை இல்லை, தரையில் ஒரு பள்ளம் இருந்தது, முள்ளும் பிளாஸ்டிக்குமாகக் கிடந்தது, "நீர்வழி எதுவும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஏதோ சொல்ல வந்தார், நான் வண்டியில் ஏசி போட்டு உட்கார்ந்திருந்தேன். கம்பெனிக்காரர்கள் பள்ளத்தை மேவி மட்டம் பண்ணித் தூண் அடித்தார்கள். ஐப்பசியில் வந்த முதல் பெரிய மழைக்கு மேல்காட்டுத் தண்ணீர் போக வழியில்லாமல் பக்கத்து ரெண்டு ஏக்கர் மரவள்ளியில் நாலு நாள் நின்று, கிழங்கு அழுகிப்போனது. அந்த வீட்டு அம்மாளுக்கு நஷ்டஈடு வாங்கிக்கொடுக்க நானே அலைந்தேன், பாதிதான் கிடைத்தது. அதற்கப்புறம்தான் கம்பெனி வேலையை விட்டேன் என்று சொன்னால் சினிமா மாதிரி இருக்கும், விடவில்லை, இன்னும் மூணு வருஷம் பார்த்தேன். ஆனால் அன்றிலிருந்து ஆடு மேய்ப்பவரிடம் கேட்காமல் எந்த அறிக்கையும் எழுதியதில்லை.

அதனால் உங்கள் ஓடை காகிதத்தில் இல்லையென்றால் மழை பெய்கிற அன்றைக்குக் குடையோடு போய் வீடியோ எடுங்கள், எந்தத் தேதி, எந்த இடம் என்று வீடியோவிலேயே சொல்லுங்கள். தண்ணீர் மேலே எங்கிருந்து வருகிறது, கீழே எந்த ஏரிக்கோ குட்டைக்கோ போகிறது என்று பெரியவர்கள் நாலைந்து பேரை வைத்துக் கையால் ஒரு படம் வரைந்து, எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். தடத்துக்கும் அப்படித்தான். மேச்சேரி ஆடு என்று ஒரு செம்மறி இனத்துக்கே உங்கள் ஊர்ப் பக்கத்துப் பெயர் இருக்கிறது, பொட்டனேரியில் அதற்கு ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது, அங்கே போய் ஆடு போகத் தடம் இல்லை என்று ஆகிவிட்டால் எப்படி? எத்தனை பட்டி, எத்தனை உருப்படி, தினமும் எத்தனை மணிக்குப் போய் எப்போது திரும்புகின்றன, வேலி போட்டால் சுற்றுவழி எத்தனை கிலோமீட்டர், இதை எண்ணிக் கணக்காக எழுதுங்கள். "எங்கள் வாழ்வாதாரம் பாதிக்கப்படும்" என்று மொட்டையாக எழுதின மனு ஆயிரம் வரும், 14 பட்டி 600 உருப்படி 3 கிலோமீட்டர் சுற்று என்கிற மாதிரி எண்ணோடு எழுதின மனுவைத் தாசில்தார் விஏஓவிடம் திருப்பிக் கேட்டே ஆக வேண்டும்.

ஒன்று மட்டும் தயவுசெய்து எழுதாதீர்கள். சோலார் வந்தால் மேகம் கலைந்து மழை வராது, ஆடு சினை பிடிக்காது என்று ஊரில் ஒரு பேச்சு ஓடும். அதற்கு ஆதாரம் கிடையாது. அந்த ஒரு வரி மனுவில் இருந்தால், நிஜமான ஓடையையும் சேர்த்து, படிக்காதவர்கள் எழுதியது என்று ஓரமாக வைத்துவிடுவார்கள். பயப்பட வேண்டியது தண்ணீரைப் பற்றி. மேட்டுக்காட்டு மண்ணை மட்டம் பண்ணி இறுக்கிவிட்டால் மழை உள்ளே இறங்காமல் ஓடும், அது ஒன்று. இன்னொன்று கழுவுகிற தண்ணீர். 540 வாட் பேனல் என்று வைத்தால் 20 மெகாவாட்டுக்குச் சுமார் 37,000 பேனல் வரும், ஒன்றுக்கு இரண்டு லிட்டர் என்றால் ஒருமுறை கழுவ 74,000 லிட்டர், மாசம் இரண்டு முறை கழுவினால் ஒன்றரை லட்சம் லிட்டர். எங்கிருந்து எடுப்பீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். விவசாயத்துக்கான இலவச மின் இணைப்புக் கிணற்றிலிருந்து எடுத்துப் பேனல் கழுவினால் அது மின்சாரச் சட்டப்படி முறைகேடான உபயோகம், அபராதம் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் தலையில்தான் விழும். தண்ணீரே இல்லாமல் துடைக்கிற ரோபோவும் இப்போது வந்துவிட்டது, அதைப் போடச் சொல்லிக் கேட்பதில் தப்பே இல்லை.

மனுவை எங்கே கொடுப்பது? திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் ஒன்று, மாதம் ஒருமுறை நடக்கிற விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் ஒன்று, ஜமாபந்தி நடக்கிற சமயமாக இருந்தால் அங்கே ஒன்று. ஜமாபந்தியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள், கிராமக் கணக்கெல்லாம் மேஜை மேல் விரித்து வைத்திருக்கிற ஒரே நாள் அது, பதிவாகாத தடத்தைக் கேட்க அதைவிட நல்ல இடம் இல்லை. கிராம சபை வருஷத்துக்கு ஆறு தடவை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அங்கே தீர்மானம் போட்டால் திட்டம் நின்றுவிடும் என்று நினைக்க வேண்டாம், சோலாரைத் தடுக்கும் அதிகாரம் கிராம சபைக்குச் சட்டத்தில் இல்லை. ஆனால் "இந்த ஓடை, இந்தத் தடம் ஊர் பயன்பாட்டில் இருக்கிறது, இதை மறிக்கக்கூடாது" என்கிற தீர்மானம் தேதியோடு இருந்தால், பிற்பாடு கோர்ட்டுக்குப் போனாலும் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனாலும் முதல் ஆவணம் அதுதான். கோரம், அதாவது குறைந்தபட்சம் வர வேண்டிய ஆள் கணக்கு, பார்த்துக்கொள்ளுங்கள். 501 முதல் 3,000 மக்கள்தொகை உள்ள ஊராட்சிக்கு நூறு பேர் வேண்டும், அதற்கு மேல் பத்தாயிரம் வரை இருநூறு பேர். தீர்ப்பாயத்துக்குப் போவதாக இருந்தால் ஆறு மாசக் கெடு இருக்கிறது, "பார்க்கலாம் பார்க்கலாம்" என்று இருந்துவிடக்கூடாது.

தகவல் உரிமை மனுவும் கூடவே போகட்டும், பத்து ரூபாய்க் கோர்ட் பீ ஸ்டாம்ப், முப்பது நாளில் பதில். அதில் ஒரு கேள்வி கட்டாயம் இருக்கட்டும்: நில உச்சவரம்புச் சட்டப்படி யார் பெயருக்கு, எத்தனை ஏக்கருக்கு அனுமதி கொடுத்திருக்கிறீர்கள்? நம் மாநிலத்தில் வரம்பு 15 ஸ்டாண்டர்ட் ஏக்கர் (மண்ணின் தரத்தை வைத்துப் போடும் கணக்கு ஏக்கர்), மேட்டுக்காடாக இருந்தால் சாதாரண ஏக்கரில் அது பல மடங்கு வரும், ஆனாலும் வரம்பு தாண்டினால் தொழிலுக்கு அரசின் தனி அனுமதி வேண்டும். இதைத் தவிர்க்க நாலு பெயரில் பிரித்து எழுதுவது உண்டு. உங்கள் ஊரில் கையெழுத்து வாங்கின அக்ரிமெண்ட்டுகளில் கம்பெனி பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது டவர் லைன். 20 மெகாவாட் என்றால் அனேகமாக 110 கேவி லைனாக சப் ஸ்டேஷனுக்குப் போகும். நிலத்தைக் குத்தகைக்குத் தராமல் இருக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு, யாரும் கட்டாயப்படுத்த முடியாது. லைன் விஷயம் வேறு, ஏஜெண்ட் பயமுறுத்துவதில் கொஞ்சம் நிஜம் இருக்கிறது. சாதாரணமாக நிலத்துக்காரர் சம்மதம் வேண்டும், ஆட்சேபித்தால் கலெக்டரின் எழுத்துப்பூர்வ உத்தரவு வேண்டும். மின்சாரச் சட்டம் 164-வது பிரிவின்படி பழைய 1885 தந்திச் சட்டத்து அதிகாரம் கிடைத்திருந்தால் சம்மதம் இல்லாமலும் போடலாம், நீங்கள் தடுத்தால் கலெக்டர் உத்தரவு போடுவார். 2018 கடைசியில் உயர்மின் கோபுரத்துக்கு எதிராக ஈரோடு, நாமக்கல், சேலம் பக்கமெல்லாம் விவசாயிகள் உட்கார்ந்தது இந்த அதிகாரத்தை எதிர்த்துத்தான். ஆகவே முதல் கேள்வி, எந்தச் சட்டத்தில் எந்த உத்தரவு நம்பரில் வருகிறீர்கள் என்பது. இரண்டாவது நஷ்டஈடு. 2015 மத்திய வழிகாட்டுதலில் டவர் காலுக்கு நில மதிப்பில் 85 சதவீதம், கம்பி போகிற பாதைக்கு அதிகபட்சம் 15 சதவீதம் என்று இருந்தது, 2024 ஜூனில் அதை 200 சதவீதம், 30 சதவீதம் என்று உயர்த்தினார்கள், 66 கேவியும் அதற்கு மேலும் உள்ள லைனுக்கு. மாநிலம் ஏற்றுக்கொண்ட விகிதம்தான் செல்லும் என்பதால், எந்த விகிதத்தில், எந்த மதிப்பில் கணக்குப் போடுகிறீர்கள் என்று கலெக்டர் ஆபீஸிலேயே எழுத்தில் வாங்குங்கள். தொகை போதவில்லையென்றால் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகலாம். மரத்துக்குத் தனிக் கணக்கு, தென்னை இருந்தால் இன்றைக்கே எண்ணிப் போட்டோ எடுத்து வையுங்கள். லைன் பாதையை வரப்போரமாகத் தள்ளச் சொல்லிக் கேட்பது எப்போதும் நஷ்டஈட்டுக்கு அலைவதைவிட லாபம், சர்வே கல் நடுவதற்கு முன்னால் கேட்டால் நடக்கவும் செய்யும்.

மாமனாரின் மூன்று ஏக்கரைக் கொடுக்கலாமா என்றால், கொடுக்கக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். மழையை நம்பி வருஷம் ஒரு கடலையோ சோளமோ எடுக்கிற காட்டுக்கு நிலையான குத்தகைப் பணம் வருவது நல்ல விஷயம்தான், வயசான காலத்தில் அவருக்கு அது பென்ஷன் மாதிரி. ஆனால் எதில் கையெழுத்துப் போடுகிறார் என்று பாருங்கள். குத்தகைப் பத்திரமா, இல்லை அதற்கு முந்தின ஒப்பந்தமா? மூன்று வருஷத்துக்குள் கம்பெனி எடுத்துக்கொள்ளலாம் எடுக்காமலும் போகலாம், அதுவரை நீங்கள் வேறு யாருக்கும் தரக்கூடாது என்கிற மாதிரிக் காகிதத்துக்கு அட்வான்ஸ் என்று பத்தாயிரம் நீட்டுவார்கள், நிலம் பூட்டிக் கிடக்கும். கூடவே பவர் பத்திரம் (அவர் சார்பில் கையெழுத்துப் போடும் அதிகாரம்) எழுதிக் கேட்டால் மறுத்துவிடுங்கள், அதில் அடமானம் வைக்கும் உரிமை ஒளிந்திருந்தால் முடிந்தது கதை. ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு பண்ண வேண்டும், பதிவில்லாத தாளில் 25 வருஷத்தைக் கொடுக்காதீர்கள். வாடகை வருஷா வருஷம் ஏற வேண்டும். விலைவாசி வருஷத்துக்கு 5 சதவீதம் ஏறினால் இன்றைய நூறு ரூபாய் 25-வது வருஷத்தில் முப்பது ரூபாய்கூட பெறாது. முடிவில் தூணையும் கான்கிரீட்டையும் யார் பிடுங்குவது, பேனலை யார் கொண்டுபோவது என்பதற்கு ஒரு டெபாசிட்டோடு ஷரத்து வேண்டும். 2022 மின்னணுக் கழிவு விதிகளில் சோலார் பேனலும் சேர்ந்திருக்கிறது, பொறுப்பு தயாரிப்பாளருடையது, உங்களுடையது இல்லை என்று அதிலேயே எழுதிக்கொள்ளலாம். அப்புறம், மாமனாருடைய தங்கைகளுக்கும் உங்கள் நாத்தனார்களுக்கும் பங்கு உண்டா என்று முதலில் வீட்டில் பேசுங்கள். பரம்பரைச் சொத்தாக இருந்தால் வாரிசுரிமைச் சட்டத்தின் 1989 தமிழ்நாட்டுத் திருத்தத்துக்கப்புறம் பெண்ணுக்கும் சமபங்கு வருகிறது, பணம் வந்தபிறகு பேசினால் அது வேறு மாதிரிப் பேச்சாகிவிடும்.

நிறுத்த முடியுமா என்று கேட்டீர்கள். பட்டா நிலத்தில், சம்மதத்தோடு, ஓடையையும் தடத்தையும் விட்டுவிட்டு வருகிற சோலாரை நிறுத்த முடியாது, நிறுத்த வேண்டும் என்றும் எனக்குத் தோன்றவில்லை. வேலியை நகர்த்த முடியும். தடத்துக்கு இருபுறமும் வேலி போட்டு நடுவில் விடுவது, ஓடையில் தண்ணீர் போக இருபக்கமும் இடம் விட்டு மேலே ஒரு கல்வெர்ட் போடுவது, கம்பெனிக்கு இதெல்லாம் வரைபடத்தில் பென்சிலால் மாற்றுகிற வேலை, தூண் அடிப்பதற்கு முன்னால் கேட்டால். அடித்தபிறகு கேட்டால் அவர்களுக்கு அது லட்சக்கணக்கில் செலவு, உங்களுக்கு வருஷக்கணக்கில் கோர்ட். கடன் கொடுக்கிற பேங்க் நிலப் பத்திரங்களை வக்கீலிடம் கொடுத்துச் சலித்துப் பார்க்கும், ஓடை பற்றி நிலுவையில் ஒரு மனு இருக்கிறது என்றால் அங்கே பைல் நகராது. கம்பெனிக்காரர்கள் ஊர்க்கூட்டத்துக்குப் பயப்படுவதைவிட இதற்குத்தான் பயப்படுவார்கள்.

உங்கள் கடிதத்தின் கடைசியில் ஏற்காட்டில் இருக்கிற சித்தி ஊரிலும் யாரோ நிலம் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். அங்கே கணக்கே வேறு. மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் கீழ் வருகிற ஊர்கள் அவை, சாதாரணக் கட்டடத்துக்கே கூடுதல் அனுமதி வேண்டும். வன நிலம் தொட்டால் மத்திய அரசின் வனப் பாதுகாப்புச் சட்டம், மலையாளி மக்கள் அனுபவிக்கிற நிலமாக இருந்தால் 2006 வன உரிமைச் சட்டம், அங்கே கிராம சபையின் வார்த்தைக்கு நிஜமான எடை உண்டு. பழங்குடிப் பகுதிகளுக்கான பெசா சட்டம் மட்டும் தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது, அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணையில் அறிவித்த பழங்குடிப் பகுதி நம்மிடம் இல்லை. சித்தியை எதிலும் கையெழுத்துப் போடாமல் இருக்கச் சொல்லுங்கள், அதைத் தனியாக எழுதுங்கள்.

இந்த வாரம் ஸ்கெட்ச்சும் 'ஏ' பதிவேடும் எடுத்துவிடுங்கள். ஓடைக்குத் தனி நம்பர் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்ததும் ஒரு வரி போடுங்கள், மனு எப்படி ஆரம்பிப்பது என்பது அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.